யாரையும் திட்டாத கட்டுரை

அக்காவின் மணிக்கட்டிலிருந்து மருத்துவர் விரல்களை எடுத்ததும் தங்கை கேட்ட முதல் கேள்வி அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

“இயற்கையாத்தானே டாக்டர்?”

“நுரையீரல் படுத்தின பாடு உங்களுக்குத் தெரியாததாம்மா? தூக்கத்துலயே போயிட்டாங்க.”

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். பெருமூச்சு ஒன்று தானாக வெளியே வந்தது. அழுகிறாள் என்று நினைத்து மருத்துவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அக்கா ஊருக்கு வெளியே இருந்த சதுப்புநிலத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்தாள். நாணல், நாரை, நண்டு வளை. ‘பொம்பளைங்க பூ, பறவைன்னு எழுதினா போதும்’ என்று ஆசிரியர் சொன்னபோது, “பூவைப் பத்திதான் சார் எழுதியிருக்கேன். அது ஏன் செத்துச்சுன்னும் சேத்து எழுதினேன்” என்றாள். சாயப்பட்டறையின் கழிவுக்குழாய் அப்படித்தான் அச்சில் ஏறியது. பிறகு ஜன்னலில் கல் விழுந்தது. ஒருநாள் ஸ்கூட்டரின் பிரேக் கம்பி அறுபட்டுக் கிடந்தது. அன்றே தங்கை பெட்டியோடு வந்துவிட்டாள். அக்கா வெளியே போனால் திரும்பும்வரை வாசலில் நிற்பாள். ஃபோன் அடித்தால் பயந்து ஓடிப்போய் எடுப்பாள். கோர்ட்டு உத்தரவில் குழாயை அடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

இன்று காலையில்கூட அக்கா விடவில்லை.

“எழுதிக்கோடி.”

“மூச்சு வாங்குதுக்கா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம்ங்கறவன் நமக்கு மாமனா மச்சானா? எழுது.”

எழுதினாள். எல்லாம் நேற்றுத் தங்கையே சதுப்புக்குப் போய்ப் பார்த்துவந்து அக்காவிடம் சொன்னதுதான். குழாய் இருந்த இடத்தில் கோரை முளைத்திருக்கிறது. அதனடியில் நீர்க்கோழி முட்டையிட்டிருக்கிறது. பெட்டை எழுந்து போனால் சேவல் வந்து உட்காருகிறது.

“அவ்வளவுதான்.”

“இதுல யாரைக்கா திட்டுற?”

“இன்னிக்கு யாரையும் இல்லடி.” சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தட்டை நீட்டினாள்.

“ஒரு வாயாவது சாப்பிடும்மா. காலையிலேர்ந்து பல்லுல பச்சத்தண்ணி படல.”

தங்கை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டாள்; இந்த வீட்டுக்கு வந்தபிறகு இதுதான் முதல் தடவை. ஒரு பருக்கை மிச்சமில்லை. துக்கத்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தன் தட்டையே பார்ப்பதை அவள் கவனித்தாள். ஆனாலும் தட்டை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க.”

தையல்காரம்மா யார் முகத்தையும் பார்க்காமல் கரண்டி நிறைய அள்ளினாள்.