மேடில்லாத நேர்த்திக்கடன்

மேடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே கிள்ளான் வேங்கைகள் ஒத்துக்கொள்வதில்லை. கிள்ளான் ஊரில் லோகேஸ்வரியின் புருஷன் பரமேஸ்வரனும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்தும் சைக்கிள் சங்கத்துக்கு அதுதான் பெயர். வேங்கைகள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவை, தொப்பை உள்ளவை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தோலோடு ஒட்டிய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளைக் காரின் முதுகில் கட்டி, எங்கே தரை தட்டையாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்குவார்கள். ஒரு வாரம் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துச் சாலை. அடுத்த வாரம் ஏதாவது தாமான் குடியிருப்பின் ஏரிக்கரை. அதற்கும் அடுத்த வாரம் ஷா ஆலம் பக்கம் இருக்கும் காட்டுப் பூங்கா. காடு என்றதும் புலி உறுமும் என்று நினைத்துவிட வேண்டாம். தார் போட்ட பாதை, நிழலுக்கு மரம், பத்தடிக்கு ஒரு குப்பைத்தொட்டி, கையில் இருப்பதைப் பிடுங்கித் தின்ன நாலு குரங்கு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் மிதிப்பார்கள், இரண்டு மணி நேரம் ரொட்டி சானாய் தின்பார்கள். தின்னும்போது கைப்பிடியில் இருக்கும் கருவியை நிறுத்தி வைப்பார்கள். சராசரி வேகம் குறைந்துவிடக் கூடாதாம்.

ஊரான் கூத்து நமக்கென்ன என்று லோகேஸ்வரி வாய்க்குள் சிரித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாள். ஆனால் இந்த முறை அவர்கள் கைவைத்தது அவள் உயிர்மேல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி. வெட்டி எடுத்த இடத்தில் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, ஐசியுவில் நினைவில்லாமல் கிடந்தாள். வெளியே நின்ற பரமேஸ்வரன், "முருகா, இவளை வீட்டுக்கு அனுப்பு. என் வீட்டு வாசல்லேருந்து பத்துமலைக் கோயிலுக்குச் சைக்கிள்லயே வரேன்" என்று நேர்ந்துகொண்டார். நினைவில்லாமல் கிடந்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. கல்யாண வீடு, காதுகுத்து வீடு, கருமாதி வீடு எதையும் விடவில்லை. கேட்ட பெண்கள் "குடுத்து வச்சவ லா நீ" என்று லோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள். அவளுக்கும் அப்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

முருகன் தன் பங்கை முடித்துவிட்டான். கீமோவில் கொட்டின முடி மறுபடி கழுத்துவரை வளர்ந்துவிட்டது. விக் அலமாரிக்குள் போய்விட்டது. பரமேஸ்வரனின் பங்கு? அதற்காகவே என்று வாங்கிய கார்பன் சைக்கிள் வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஒரு தைப்பூசம் போய், அடுத்ததும் வந்துவிட்டது. பூசம் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஸ்கேன். நோய் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். சாமிக்குச் சொன்ன சொல்லைப் பாக்கி வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அந்த மெஷினுக்குள் போய்ப் படுப்பது? படித்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த வாரம்தான் பிரவின் வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், வேங்கைகளில் வயது குறைந்தவன். எந்த ஞாயிறு எந்தப் பாதை என்று போனில் கோடு போட்டுக் கொடுப்பது அவன் பொறுப்பு.

"அக்கா, அண்ணனோட நேர்த்திக்கடனுக்கு ரூட் ரெடி" என்று போனை நீட்டினான். "ரோட்டுல போனா லோரி, மேடு, பள்ளம். எதுக்கு ரிஸ்க்? உங்க வீட்டுலேருந்து பத்துமலை எவ்ளோ தூரமோ, அதே தூரம் பூங்காவுக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓட்டிடலாம். ஃபுல்லா ஃப்ளாட். அதோட மேப்புல பாருங்க, வேல் ஷேப்ல வரும்."

லோகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக இருந்தது.

"இது கரண்டி மாதிரில்ல இருக்கு தம்பி?"

"தூரம் தூரம்தானே லோகா" என்றார் பரமேஸ்வரன், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓட்டி முடிச்சுட்டு கார்ல பத்துமலைக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிடுவோம். சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை, காட்டுப் பூங்காவில் வைபவம் ஆரம்பமானது. பரமேஸ்வரன் நெற்றி நிறைய விபூதி பூசி, அதன்மேல் ஹெல்மெட் போட்டிருந்தார். கூட்டாளிகள் "வேல் வேல்" என்று கத்த, குளத்தைச் சுற்றி, மூங்கில் புதரைச் சுற்றி, கக்கூஸைச் சுற்றி ஊர்வலம் போனது. லோகேஸ்வரி வாழைப்பழமும் ஐஸ் பெட்டியுமாக மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு சீனத்துக் கிழவி பேரப்பிள்ளையை மூன்று சக்கர சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை சங்கத்தாரில் பாதிப் பேரை முந்திக்கொண்டு போனது.

பாதித் தூரம் முடிந்ததும் வேங்கைகள் இரை எடுக்க நிறுத்தின. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் பிரிந்தன. பல் டாக்டர் பாலன் காரிலிருந்து ரோஜா மாலையை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தான். கடைசிச் சுற்றில் போட்டு, போட்டோ எடுத்து, எல்லாருக்கும் அனுப்ப ஏற்பாடு.

"எப்படிப்பட்ட புருஷன் பாருங்க அக்கா" என்றான். "உங்களுக்காக, இந்த வயசுல."

லோகேஸ்வரி ஐஸ் பெட்டியை மூடினாள்.

"பாலன், நான் ஐசியுல கெடந்தப்ப இவரு சாமிகிட்ட என்ன கேட்டாரு?"

"உங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாரு."

"அனுப்புச்சா?"

"அனுப்புச்சே."

"எந்த வீட்டுக்கு?"

பாலன் மாலையிலிருந்து உதிர்ந்த இதழைப் பொறுக்கினான்.

"எங்க வீட்டுக்குத்தானே? என்னைச் சக்கர நாற்காலில உக்கார வச்சு வார்டுக்குள்ளயே சுத்திச் சுத்தித் தள்ளி, வீடு இருக்கிற தூரம் வந்தாச்சு, இதான் உன் வீடு, இங்கயே கெடன்னு சாமி சொல்லலையே."

பொட்டலத்துக்குள் போன கைகள் நின்றன. பிரவின் மட்டும் தைரியமாக, "அக்கா, இது ஒரு சிம்பாலிக் லா" என்றான்.

"மொட்டை போடுறேன்னு நேந்துக்கிட்டு, என் விக்கைக் கொண்டுபோய் மழிச்சுட்டு வந்தாலும் சிம்பாலிக்தான் தம்பி."

பரமேஸ்வரனின் முகம் சிவந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குறியே லோகா."

"எல்லார் முன்னாடியும்தானே நேந்துக்கிட்டதைச் சொன்னீங்க? கேக்குறதையும் அங்கதான் கேக்கணும்."

ஆம்பிளைக்கு ரோஷம் வந்தால் நியாயம் தெரியாவிட்டாலும் வழி தெரியும். "சரி. நாளைக்கே போறேன். நம்ம வாசல்லேருந்து" என்று பரமேஸ்வரன் எழுந்துவிட்டார். "நாங்களும் வரோம் பாஸ், உங்களைத் தனியா விடுவோமா" என்று வேங்கைகள் நெஞ்சைத் தட்டின. மாலையைப் பாலன் பத்திரமாக மறுபடி காருக்குள் வைத்தான்.

ஞாயிறு விடிந்தது. வேங்கை ஒன்றுகூட வரவில்லை. பிரவினுக்கு டயர் பஞ்சர். பாலனுக்கு மாமியார் வந்துவிட்டார். மற்றவர்களுக்கு ஒரே நேரத்தில் வயிறு சரியில்லை. சாதித்தவர்கள் மாதிரி எல்லாரும் கும்பிடு பொம்மை மட்டும் போனில் அனுப்பியிருந்தார்கள்.

பரமேஸ்வரன் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினார். லோகேஸ்வரி காரில் நாலு விளக்கையும் மின்னவிட்டுக்கொண்டு பின்னால் போனாள். முந்திப்போனவர்கள் முறைத்தார்கள், ஏசினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முன்னால் ஏறி இறங்கும் அந்த மஞ்சள் சட்டை முதுகையே பார்த்தாள். ஷா ஆலம் தாண்டும்வரை அந்த முதுகு நன்றாகத்தான் போனது. சுங்கை பூலோவைத் தாண்டியதும் சாலை மேலே தூக்கியது. இந்த மனுஷன் தன் வாழ்நாளில் சைக்கிளில் ஏறாத மேடு. பாதியிலேயே முதுகு ஆடியது, நின்றது.

அவர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு காருக்கு வந்து ஜன்னலைத் தட்டினார். வாயால் மூச்சு வாங்கினார். விபூதி வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியிருந்தது.

"போதும் லோகா. பின்கதவைத் திற, சைக்கிளை ஏத்திடுவோம். பாதிக்கு மேல வந்தாச்சு. மிச்சத்தைச் சாமி தள்ளுபடி பண்ணிடுவாரு."

லோகேஸ்வரி பொத்தானை அழுத்தினாள். நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

சொல்வதற்கு அவளிடம் எத்தனையோ இருந்தது. வழியெல்லாம் நாக்கில் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். ஜன்னலை இறக்கியதும் அதில் ஒன்றுகூட வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "ஸ்கேன் மெஷினுக்குள்ள நான் மட்டும்தான் படுக்கணும். எனக்குப் பதிலா அங்க யாரும் படுக்க முடியாது. அன்னைக்கு எனக்கு நெனைச்சுக்க ஏதாவது வேணும். சாமிய விடுங்க. எனக்காக இந்த ஒரு மேட்டை ஏறுங்க."

பரமேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஸ்கேனா? எப்ப?"

அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள், ஒரு தடவை சோறு போடும்போது, ஒரு தடவை அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. ஊர் முழுக்கத் தன் பெண்டாட்டி உயிரைப் பற்றிப் பேசிவிட்டு வந்த மனுஷனுக்கு இது மட்டும் காதில் விழவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பூசம் முடிஞ்சு வர்ற செவ்வாக்கிழமை."

பரமேஸ்வரன் கார்க் கதவின் விளிம்பைப் பிடித்தபடி தலையைக் குனிந்தார். பிறகு திரும்பிப் போய் சைக்கிளை நிமிர்த்தினார். ஒரு கால் வழுக்கியது. மறுபடி ஏறி, எழுந்து நின்று மிதித்தார். கோணிக் கோணி, நடக்கிறவனைவிட மெதுவாக, அந்த மஞ்சள் முதுகு மேலே போனது.

பின்னால் வந்த மண் லோரி நீளமாக ஹார்ன் அடித்தது. லோகேஸ்வரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறு என்று காட்டினாள்.