ரொட்டியில் வைத்த கை

பாதிரியார் படியேறி வரும் சத்தம் கேட்டதுமே யாஸ்னாவின் வயிற்றில் புளியைக் கரைத்தது. காலையிலிருந்து எத்தனை தடவை கழிவறைக்குப் போனாளோ, கணக்கில்லை. இனி போக ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும், குடலுக்குத்தான் தெரியவில்லை.

இன்று ஸ்லாவா, குடும்பத்துப் புனிதரின் நாள். நிஷ் நகரத்தில் இதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, நினைவிருப்பவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பாதிரியார் ரொட்டியில் ஒயின் ஊற்றுவார். வீட்டார் எல்லாரும் அதில் கைவைத்து மெல்லச் சுற்ற வேண்டும், முடியும்வரை கையை எடுக்கக் கூடாது. போன வருஷம் யாஸ்னா எடுத்தாள். பாதி ஜெபத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கழிவறைக் கதவு மெல்லியது, வீடோ நிசப்தமாக இருந்தது. எல்லாருக்கும் எல்லாம் கேட்டது. அடுத்து வந்த கோடையில் கொழுந்தன் லாரியைக் கவிழ்த்துக் காலை ஒடித்துக்கொண்டதற்கும் அந்தக் கைதான் காரணம் என்று மாமியார் ராதோய்க்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவன் குடித்துவிட்டு ஓட்டியதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புண்ணுமில்லை, கட்டியுமில்லை, பதற்றத்தில் குடல் முறுக்கிக்கொள்கிறது என்றார் டாக்டர். "வேல செய்ய வலிக்கிறவளுக்கு வயித்துவலி ஒரு சாக்கு" என்றாள் ராதோய்க்கா. யாஸ்னா யாரிடமும் கேட்காமல், பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் நடந்த யோகா வகுப்பில் சேர்ந்தாள். பச்சை விரிப்பு ஒன்று வாங்கினாள். முழங்காலை வயிற்றோடு அணைத்து, இழுத்ததைவிட மெதுவாக மூச்சை விடக் கற்றாள். நோய் போய்விடவில்லை. ஆனால் கடிக்கிற நாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்து போக முடிந்த அன்று அவள் இறங்கி நின்று அழுதாள்.

"சிலுவை மாட்டுன வீட்டுல எவன் சாமிக்கோ குப்புற விழுறா" என்று மாமியார் கத்தியபோது கணவன் மோமிர் சமாதானம் பேசினான்.

"ஸ்லாவா வரைக்கும் பாப்போம்மா. இந்தத் தடவ ரொட்டியில அவ கை நின்னா, வகுப்புக்குப் போயிட்டு வரட்டும்."

"நிக்கட்டும், அப்புறம் பேசு."

கை நின்றது. மெழுகுவர்த்திப் புகையிலும், ஒயின் விரலிடுக்கில் வழிந்தபோதும், அடிவயிறு ஒருமுறை சுருட்டிப் பிடித்தபோதும் நின்றது. மூச்சை உதட்டுக்குள் எண்ணி எண்ணி விட்டாள். ரொட்டி சுற்றி முடிந்தது. அவளுக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

"பாத்தீங்களா இந்தப் பொண்ண?" என்றார் பாதிரியார். "உதடு நிக்காம ஜெபம் பண்ணுனா. இப்படி ஒரு பக்தியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"என் கைங்கரியம் சாமி" என்றாள் ராதோய்க்கா. "மடத்து எண்ணெய தெனமும் இவ சூப்புல ஊத்துறேன். இவளுக்கே தெரியாது."

பதற்றமே இல்லாத நாட்களில்கூட வயிறு ஏன் கலங்கியது என்று யாஸ்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அது ஜெபமில்லை, மூச்சை எண்ணியது என்று சொல்ல வாயெடுத்தாள். மோமிரின் கண் வேண்டாம் என்று கெஞ்சியது. அவள் சொல்லாமல் விட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. இந்த வீட்டில் அவளை ஒருவர் பாராட்டுவது இதுதான் முதல் தடவை, அது இனித்தது.

"ஆமா சாமி, ஜெபம்தான்" என்றாள்.

பிறகு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வாசலில் இனிப்புக் கோதுமைத் தட்டோடு அவள் நின்றாள். வருகிறவர்கள் பனி ஒட்டிய காலணியைக் கழற்றி வைத்து, சிலுவை போட்டு, ஒரு கரண்டி வாயிலிட்டு உள்ளே போனார்கள். தற்செயலாகக் கீழே பார்த்தாள். காலணிகளெல்லாம் ஒரு பச்சை விரிப்பின் மேல் இருந்தன.

"மோமிர், அது என் விரிப்பு."

"அம்மாதான் போட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஜெபத்துல சரியாயிடுச்சுன்னு சாமிகிட்ட நீயே சொல்லிட்ட. இனிமே அந்த வகுப்பு எதுக்குன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

வயிறு மெல்ல முறுக்கத் தொடங்கியது. மூச்சை விட்டுப் பார்த்தாள், எண்ணிக்கை தப்பியது. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "தட்ட நல்லாப் பிடி, அசையாம நில்லு!" மறுபடி வாசல் மணி அடித்தது. விரிப்பில் அவள் முழங்கால்கள் பதிந்து பதிந்து விழுந்திருந்த இரண்டு பள்ளங்களிலும் சேற்றுத் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. தட்டிலிருந்த கரண்டிகள் கிலுகிலுவென்று நடுங்கின.