ரோஸ் என்பது யார்?

“இந்த அறிக்கையில என் பேரு எங்கே, டாக்டர்? ரோஸ்னு யாரையோ—”

“கத்தாதே கண்ணு, ஆராய்ச்சியில நிஜப் பேரு போடக்—”

“எங்க தெருவுல ரோஸ்னா எண்பது வயசுப் பாட்டிங்கதான்!”

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர நூலக மாடியறையில், பேட்டி கொடுத்த மற்ற சிறுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சத்தமாகப் பேசினாலே கறுப்பினச் சிறுமிகளைப் பள்ளிகள் ஏன் வெளியே அனுப்புகின்றன என்று பேராசிரியை வெர்லீன் ஹேட்சர் இரண்டு ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தார். பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மறைப்பது விதி.

“நான் பேட்டி கொடுத்தேன், சரி. மத்த பதினோரு பேரைப் பேட்டி எடுத்தது யாரு? கேள்வியெல்லாம் எழுதினது யாரு?” என்றாள் பதினாறு வயது ஜகேலா.

வெர்லீன் அவள் கையிலிருந்த அறிக்கையை வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் ‘ஜகேலா மெரிவெதர்’ என்று எழுதினார்.

“எழுதினவங்க பேரை மறைக்க வேண்டாம். ஆனா மூணாவது அத்தியாயம் நீதான் எழுதணும். மே மாசம் சிகாகோ மாநாட்டுல நீதான் எழுந்து பேசணும்.”

ஜகேலா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

“அங்கேயும் சத்தமாப் பேசினா வெளியே அனுப்பிடுவாங்களா, டாக்டர்?”