பத்தொன்பது வயது செல்லக்கனி

கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் காஞ்சனாவின் விரல்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ராஜபாளையத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸுந்தரராஜன் போட்ட கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அது 1991, ஆடிப்பூரத் திருவிழா. தேர் நிற்கும் இடத்திலிருந்து நாலு கடை தள்ளி ஒரு பந்தல். உள்ளே இருந்த ஒரே டேபிள் ஃபேனும் மனிதர்களைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துச் சுற்றியது. பெயர், விலாசம், பிறந்த தேதி, நேரம், மனதிலுள்ள கேள்வி, இவ்வளவும் சொன்னால் காஞ்சனா படபடவென்று அடிப்பாள். பிரிண்டர் கத்திக்கொண்டே நீளமாகத் தாளைத் தள்ளும். ஜனங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது நாளே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் இரண்டு வயது இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதியது ஒன்று, நிஜமானது இன்னொன்று. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்ன மூன்றாவது வயதும் சிலருக்கு உண்டு. ஆனால் ஜாதகத்திடம் மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை. பொய்த் தேதி சொன்னால் நல்ல பலன் வேறு யாருக்காவது போய்விடுமே என்ற பயம். அதனால் ஆயிரத்துச் சொச்சம் பேரின் அசல் வயது அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

மம்சாபுரத்துச் செல்லக்கனி கூட்டம் குறையட்டும் என்று இரண்டு மணி நேரம் ஓரமாக நின்றாள். பிறகு வந்து குனிந்து, காஞ்சனாவின் காதருகே வருஷத்தைச் சொன்னாள். கணக்குப்படி நாற்பத்து நாலு. புருஷன் வேல்சாமிக்கு நாற்பத்தொன்று. கல்யாணத்தின்போது அவளுக்கு அவனைவிட இரண்டு வயது குறைவு என்று சொல்லிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"இது வெளிய போவாதுல்ல, தாயி?"

"போவாதுக்கா. உங்களுக்கும் எனக்கும் மெஷினுக்கும்தான் தெரியும்."

செல்லக்கனி மெஷினைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஆள் நம்பகமாகத்தான் தெரிந்தது போலிருக்கிறது, விலாசத்தையும் சொன்னாள்.

திருவிழா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸுந்தரராஜன் வாயெல்லாம் பல்லாக வந்தார். ராஜபாளையத்தில் புதிதாக ஜவுளிக்கடை திறக்கும் சோலைராஜ் அந்த லிஸ்டைக் கேட்கிறாராம். தீபாவளிக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் பெயரும் வயதும் எழுதி வாழ்த்துக் கார்டு அனுப்பப்போகிறாராம். நம் வயதுகூடத் தெரிந்த கடை என்று ஜனம் மயங்கிவிடுமாம். திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் போட்டுத் தரச் சொன்னார்.

செல்லக்கனிக்குச் சொன்ன வார்த்தை காஞ்சனாவுக்கு நினைவுக்கு வந்தது. ஸுந்தரராஜன் தபால் இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையரானவர். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க ஒரு நாளாவது யாரு கவரையாவது பிரிச்சிருப்பீங்களா?"

"சிவ சிவா" என்று சொல்ல வாயெடுத்து, தாம் வைஷ்ணவர் என்பது நினைவுக்கு வந்து, "பெருமாளே" என்றார். பிறகு சமாளித்துக்கொண்டார். "கவர் வேற, காஞ்சனா. இது திறந்த கார்டு மாதிரி. அவாளே வந்து அவா வாயால சொன்னதுதானே."

அதைத் திறந்த கார்டாக நினைக்கக் காஞ்சனாவுக்கு மனம் வரவில்லை. மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் வேலையாக, ஃப்ளாப்பிக்குப் போகும் பட்டியலிலிருந்து கேள்விகளை எடுத்தாள். பிறகு பெயர்களை விலாசத்தோடு ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினாள். பிறந்த தேதிகளைத் தனியே பிரித்து, மூத்தவர் முதல் இளையவர் வரை அடுக்கினாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்து ஒட்டினாள். அவ்வளவுதான். 'ஏ' எழுத்தில் தொடங்கியவர்களெல்லாம் கிழடு தட்டிப்போனார்கள், 'எஸ்' எழுத்துக்காரர்கள் இளவட்டமானார்கள், 'வி' எழுத்துக்காரர்கள் மொத்தமாகத் தொட்டிலுக்குப் போய்விட்டார்கள். திரையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸுந்தரராஜன் திரும்பி வந்தபோது தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கார்டுகள் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலையில் சோலைராஜிடமிருந்து ஆள் வந்தது, உடனே கிளம்பி வரச் சொல்லி. என்ன ஏது என்று ஆளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடையில் கூட்டம் என்று மட்டும் சொன்னான்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் காஞ்சனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஸுந்தரராஜன் முகம் சிவந்துபோயிற்று. தம் பெயரைக் கெடுத்துவிட்டதாகவும், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

"சரி சார். ஆனா பொட்டியில மொத ஆளு நீங்கதான். மெஷின் ஓடுதான்னு பாக்க உங்க ஜாதகத்தத்தான் போட்டோம். நீங்க கேட்ட கேள்வியும் அதுல இருந்துச்சு."

அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது. பதினொரு வருஷமாகத் தம் வீட்டில் தங்கியிருக்கும் மச்சினன் நம்பி எப்போது கிளம்புவான் என்று கேட்டிருந்தார். அந்த நம்பிதான் இப்போது சோலைராஜ் கடையில் எழுத்து வேலை. கார்டுகளில் பெயரும் வயதும் எழுதியது நம்பியின் கைதான்.

"கேள்விய நீ அனுப்பலியே?"

"அனுப்பல சார். யாரு கேள்வியும் அனுப்பல."

பஸ் ஊருக்குள் நுழையும்போது, நாளைக்கு வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்துவிடு என்றார் ஸுந்தரராஜன்.

கடை வாசலில் ஜனம் ரோடு வரைக்கும் நின்றது. கார்டில் இன்னொன்றும் அச்சாகியிருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கவுன் இலவசம், எண்பது தாண்டிய பெரியவர்களுக்குச் சேலையோ வேட்டியோ இலவசம். தேவதானத்தில் களையெடுக்கப் போகும் அய்யம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. கார்டு தொண்ணூற்றொன்று என்றது. அவள் உள்ளே வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தள்ளாத காலத்தில் தன்னை நிற்கவைக்கிறார்களே என்று முனகிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் அவளுக்கு விசிறிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்கும் வெள்ளைத்தாய், எழுபதைத் தொட்டவள், கல்லாவில் கார்டை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். முதல் பிறந்தநாள் காணும் குழந்தை வெள்ளைத்தாய் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"ஏலே, கவுன் குடுப்போம்னு போட்டிருக்குல்ல. எனக்கு அளவா ஒண்ணு எடு. கை வச்சதா எடு."

சோலைராஜ் நம்பியைக் கூப்பிட்டு, எழுதும்போது உறைக்கவில்லையா என்று கேட்டார். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்றல்லவா சொன்னார்கள் என்றார் நம்பி. அதைக் கேட்டுக் கடைப் பையன்களே தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். சோலைராஜுக்கும் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. கடைசியில் கவுன் துணியையே மூன்று கெஜம் கிழித்து வெள்ளைத்தாயிடம் கொடுக்கச் சொன்னார். அவள் அதை மார்பில் வைத்து அளவு பார்த்துவிட்டு, போதும் என்று ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சந்தடிக்குள் காஞ்சனா செல்லக்கனியைப் பார்த்தாள். வேல்சாமி கார்டை உயர்த்திப் பிடித்து, கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தான்.

"என் பொண்டாட்டிக்குப் பத்தொம்போதாம்யா. எங்க மூத்தவனுக்கே இருவத்திரெண்டு ஆச்சு. அவனப் பெத்தப்ப இவ பொறக்கவே இல்ல."

இவ்வளவு இளசுக்கு நூல் சேலை சரிப்படாது என்று தீர்மானித்து, ரோஸ் நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை எடுத்து அவள் தோளில் போட்டான். செல்லக்கனி வெட்கத்தில் முகத்தைத் திருப்பியவள், காஞ்சனாவைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மெஷினுக்கு நல்ல மனசு, தாயி" என்றாள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பட்டுச் சேலை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான் வேல்சாமி.

கூட்டம் குறைந்த பிறகு சோலைராஜ் ஸுந்தரராஜனைத் தனியே அழைத்தார். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, ஆனாலும் பொங்கலுக்குள் சரியான லிஸ்டு வேண்டும் என்றார்.

"அது கெடையாது" என்றார் ஸுந்தரராஜன். "அவா சொன்னது ஜாதகத்துக்கு. ஜவுளிக்கு இல்லை."

சொன்ன பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று போலிருக்கிறது, திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் காஞ்சனா போனபோது அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எதை அழுத்தினால் எல்லாம் அழியும் என்று கேட்டார். அவள் அடித்துக் காட்டினாள். நிச்சயந்தானா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. "பாரேன், நாம கேக்காததை இது கேக்கறது" என்று சொல்லி, ஒற்றை விரலால் 'ஒய்' எழுத்தை அழுத்தினார். ஆயிரத்துச் சொச்சம் பேரும் சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கும் பந்தல் போட்டார்கள். தேதியும் நேரமும் மட்டும் கேட்டுத் தாளைக் கொடுத்து அனுப்பினாள் காஞ்சனா, வரிசையில் அடுத்த ஆள் வரும்முன் திரையிலிருந்ததை அழித்துவிட்டாள். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பேர் எழுதவில்லையா, விலாசம் வேண்டாமா என்று முறைத்தார்கள். சேத்தூரிலிருந்து வந்த ஒருத்தி நகரவே மாட்டேன் என்றாள். போன வருஷம் தன் நாத்தனாருக்கு மட்டும் எட்டு வயது குறைத்துக் கார்டு போட்டார்களாம், தனக்கு ஏன் இல்லை என்று கேட்டு, கதவு எண்ணில் ஆரம்பித்து விலாசம் முழுவதையும் பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஒப்பித்தாள். காஞ்சனா இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டி, எதையும் அடிக்காமல், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.