இறக்கத்தில் மூன்றாவது கியர்

தடாலென்று இரும்பு தரையில் மோதிய சத்தத்தில், ஓதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். மீட்பு வண்டிக்காரன் சங்கிலியை அவசரமாக விட்டிருந்தான். முன்பக்கம் நசுங்கிப்போன ஸுஹைரின் பிக்கப், வீட்டு முற்றத்து ஆலிவ் மரத்தடியில் வந்து விழுந்திருந்தது.

உள்ளறையில் இறந்துபோன ஸுஹைரைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பெஷீர் தண்ணீர் வாளியோடு வாசற்படியில் நின்றான். தண்ணீர் தளும்பி அவன் கால் நனைந்தது.

"இதை இன்னைக்குத்தான் கொண்டு வரணுமா?" என்றார் அம்மார் மாமா.

"ஸ்டேஷன்ல இடமில்லை, எடுத்துட்டுப் போன்னுட்டாங்க. எனக்கு மட்டும் ஆசையா ஹாஜி?" வண்டிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்."

மாமா உடைந்த ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்.

"கியர் லிவர் நியூட்ரல்ல கிடக்குதே."

"சார்ஜெண்டும் அதைத்தான் எழுதியிருக்கார். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்துல நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்திருக்கார். பின்னாடி ரெண்டு டன் ஆலிவ் காய். பிரேக் எத்தனை நேரம் தாங்கும்? கரிஞ்சுபோச்சு."

"கழுதைகூட இறக்கத்துல காலை ஊன்றித்தான் இறங்கும்" என்றார் மாமா. துக்கத்தைவிட அவமானம் அவர் குரலில் அதிகமாக இருந்தது. "ரெண்டு தீனார் டீசலுக்கு உசிரை விட்டிருக்கான்."

"கியர்பாக்ஸ் மெக்கானிக்கோட தம்பி வேற" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

எல்லோரும் பெஷீரைப் பார்த்தார்கள். 'தம்பி நியூட்ரலில் போடவில்லை' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பெஷீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

போன வருடம் ஸ்ஃபாக்ஸ் கரையில் ஒரு படகுக்காரனிடம் ஸுஹைர் பேசி முடித்திருந்தான். கள்ளத்தனமாகக் கடல் தாண்டி இத்தாலிக்குப் போக. கல்யாணமாகி எட்டு மாதம்தான். அம்மா பெஷீரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உன் தம்பியைத் தண்ணிக்குக் குடுத்துடாதேடா." அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மாதம் முடிவதற்குள் நல்ல டீசல் பிக்கப் கிடைத்தால் ஸுஹைர் ஊரிலேயே காய் ஏற்றிப் பிழைப்பான். கிடைக்காவிட்டால் அவன் சேர்த்துவைத்த பணம் படகுக்கு.

கைரவான் பக்கத்து வாகனச் சந்தையில் நான்கு ஞாயிறு அலைந்தார்கள். முதலில் பானட்டின் மேல் கை வைப்பான் பெஷீர். சூடாக இருந்தால் திரும்பிவிடுவான். முன்கூட்டியே ஓடவிட்டவன் எதையோ மறைக்கிறான் என்பது அவன் கணக்கு. கிளட்சை மிதித்தால் அடங்கி, விட்டால் திரும்பவும் வரும் சத்தத்தைக் கேட்பான். கியர் எண்ணெயில் விரலை விட்டு வெயிலில் காட்டுவான். விரலில் இரும்புத் தூள் மின்னும். ஆறு வண்டிகளைக் கழித்துக்கட்டினான்.

"நீ பொண்ணு பார்க்கப் போனப்போகூட இவ்வளவு பார்க்கலையே அண்ணே" என்று ஸுஹைர் சிரித்தான்.

ஏழாவது வண்டி வந்தபோது அதுதான் கடைசி ஞாயிறு. எஞ்சின் சுத்தம். கிளட்ச் சுத்தம். சந்தைக்குப் பின்னால் இருந்த மேட்டிலிருந்து மூன்றாவது கியரில் இறக்கி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான் பெஷீர். லிவர் அவன் உள்ளங்கையைத் தள்ளியது. கையை எடுத்திருந்தால் நியூட்ரலுக்குத் தாவியிருக்கும். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

பெஷீர் கையை எடுக்கவில்லை. இறக்கம் முடியும்வரை அழுத்திப் பிடித்திருந்தான்.

"எப்படி?" என்றான் ஸுஹைர்.

"நல்ல வண்டி. எடு."

ஒரு மாதத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி கியர்பாக்ஸை இறக்கிச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பிறகு நோன்பு வந்தது. பிறகு அறுவடை. பிரித்தால் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா வேறு அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. கல்லறை மேட்டிலிருந்து திரும்பியவர்களுக்குப் பக்கத்து வீட்டார் பெரிய தட்டுகளில் குஸ்குஸ் கொண்டுவந்து வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பேச்சு மறுபடி நியூட்ரலுக்கே வந்தது. பெஷீர் உள்ளே போனான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் புள்ளை கஞ்சத்தனத்துல செத்தான்னு பேசிக்கிறாங்க. வண்டியைப் பார்த்து வாங்கினவன் நீ. நீ ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிற?"

அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான்.

பிக்கப்பின் கதவைத் தோளால் இடித்துத் திறந்தான். இருக்கையில் கண்ணாடித் தூள். வேலைப் பழக்கத்தில் கை தானாக லிவருக்குப் போய், அதை மூன்றாவதில் போட்டது. அப்போதுதான் பார்த்தான். டாஷ்போர்டின் அடியில் கச்சிதமாகத் துளை போட்டு ஒரு கொக்கி மாட்டியிருந்தது. கொக்கியிலிருந்து டியூப் ரப்பர் துண்டு ஒன்று தொங்கியது. அதன் இன்னொரு முனை லிவரின் கழுத்தில் வளையமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே அறுந்திருந்தது.

இரு முனைகளையும் இழுத்துப் பிடித்தான். லிவரை மூன்றாவதில் நிறுத்திவைக்கும் அளவு. ரப்பர் பல மாதம் இழுபட்டு வெளுத்திருந்தது. இரண்டு துண்டையும் கழற்றிக் கையில் எடுத்தான்.

பின்னால் காலடிச் சத்தம். ஸுஹைரின் மனைவி வஸீலா நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா சொல்றது பொய்" என்றான் பெஷீர். "கியர் தானா தாவியிருக்கு. வாங்கும்போதே எனக்குத் தெரியும். போய் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

அவள் அவன் உள்ளங்கையில் கிடந்த ரப்பரையே பார்த்தாள்.

"இதை எப்போ கட்டினான்?"

"வண்டி வந்த மூணாம் நாள்."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

அவள் அந்த ரப்பரை எடுத்து, அறுந்த இடத்தை விரலால் தடவினாள்.

"மேட்டுலேருந்து இறங்குறதுக்கு முன்னாடி மறக்காம மாட்டுவார். இதுக்கு 'அண்ணன் கை'ன்னு பேர் வெச்சிருந்தார்."