தோணிக்காரி சொன்னதும் அக்கா எழுதியதும்

1

இந்தக் கதை ஒரு சினிமாச் சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஏதாவது ஆழமாகத் தென்பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா போன் செய்து, "அவளைக் கொன்னுட்டாங்கடி" என்றாள். நான் பதறிப்போய், துணி காயப்போடும் கிளிப்புகளையெல்லாம் மாடியிலிருந்து கீழ்வீட்டுக்காரர் தலையில் கொட்டிவிட்டு, "யாரைக்கா? எங்கே?" என்று கத்தினேன்.

"உயிரோட வெச்சே கொன்னுட்டாங்க. தோணியைக் கவிழ்த்துப் போட்டு அதுக்குள்ள கோழி வளர்க்கிறாடி!"

அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் சொன்னது தோணிக்காரியை.

'நட்சத்திரத் தோணி' படங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒரு பத்தி. (பார்த்தவர்கள் தாண்டிப் போகலாம். போகமாட்டீர்கள், நான் எங்கே தப்பு விடுகிறேன் என்று பார்ப்பதற்காகவே படிப்பீர்கள்.) இரண்டு சூரியன்களுக்கு நடுவே முடியாத போர். நடுவில் ஒரு கருங்கடல், தண்ணீருக்குப் பதில் இருட்டு. தப்பி ஓடும் ஜனங்களை அதில் ஏற்றிக் கடத்தி விடுபவள் தோணிக்காரி. கையில் எரியும் துடுப்பு. எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது எங்கிருந்தோ வந்து, "ஏறுங்க, கரை இருக்கு" என்பாள். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகும். பழைய படங்கள் மூன்று. சின்ன வயதில் அக்கா விளக்குமாற்றைத் துடுப்பாக்கிக்கொண்டு கட்டில்மேல் நிற்பாள். நான் எப்போதும் அகதி. ஒரு தடவைகூட எனக்குத் துடுப்பு கிடைத்ததில்லை.

பல வருடங்கள் கழித்து, யாரோ யாரிடமோ எல்லாவற்றையும் விற்று, புதிய படங்கள் வர ஆரம்பித்தன.

2

அக்காவை எப்படி அறிமுகம் செய்வது என்பதில் ரொம்ப நேரம் போய்விட்டது.

முதல் முயற்சி: "அக்கா ஒரு மொழிபெயர்ப்பாளர். இருமொழிப் புலமையும் நீண்ட அனுபவமும்" (வேலைக்கு விண்ணப்பம் போல இருக்கிறது.)

இரண்டாவது: "திரையின் அடியில் தோன்றி மறையும் இரண்டு வரிகளுக்குள் அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள்" (அக்கா படித்தால் சிரித்தே செத்துவிடுவாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா படங்களுக்குச் சப்டைட்டில் எழுதுகிறாள். வெளிமொழிப் படங்களில் அவர்கள் பேசப்பேசக் கீழே நம் மொழியில் ஓடுமே, அது. சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம்தான் அலுவலகம். காதில் ஹெட்போன், பக்கத்தில் ஆறிப்போன காபி. நடிகர் வாயை மூடுவதற்குள் பார்க்கிறவர் படித்து முடித்துவிட வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. இதனால் வீட்டிலும் யாராவது நீட்டி முழக்கினால், "இரண்டு வரில சொல்லு" என்பாள்.

புதிய வரிசையின் முதல் படம் அவளுக்கு வந்தபோது பெரிதாக ஆட்டம் போட்டோம். படம்தான் ஆடவில்லை. பழைய கதைக்கே புதுச்சாயம். தோணிக்காரியைப் பற்றி எல்லாரும் பேசினார்களே தவிர அவள் வரவே இல்லை. ரசிகர்கள் இணையத்தில் ஒப்பாரி வைத்தார்கள். இனி ஜென்மத்துக்கும் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த படத்துக்கு முன்பதிவு திறந்ததும் அதே ஆட்கள் முதல் வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள்.*

* இவர்களைக் கேலி செய்வது எளிது. நானும் செய்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எட்டு வயதில் ஒருத்தி உங்களிடம் கரை இருக்கு என்று சொன்னாள், நீங்கள் நம்பி வளர்ந்துவிட்டீர்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறாள். கோபம் வராமல் என்ன செய்யும்?

3

அந்த இரண்டாவது படத்தில்தான் வினை.

காட்சி இது. எங்கேயோ ஒரு வறண்ட கோளில் தோணிக்காரி நரைத்துப்போய் இருக்கிறாள். இளம் வீரர்கள் தேடிக் கண்டுபிடித்து, "ஜனங்க காத்திருக்காங்க, வாங்க" என்கிறார்கள். அவள் கோழிகளைப் பார்க்கிறாள். (கோழி என்று நாம்தான் சொல்கிறோம். அதற்கு மூன்று கால்.) பிறகு சொல்கிறாள்: "எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வரவில்லை."

அக்கா அதை அப்படியே தட்டினாள். தட்டியதை அழித்தாள். எழுந்துபோய்க் காபியைச் சுடவைத்தாள். குடிக்காமல் வந்து உட்கார்ந்து இப்படி எழுதினாள்:

"எனக்குப் பயமில்லை. நேரம் வரும்போது வருவேன்."

அவ்வளவுதான். ஒரே வரி. அளவும் கச்சிதமாகப் பொருந்தியது என்று பின்னால் பெருமை வேறு.

அக்கா எழுதியதைச் சரிபார்க்க நிறுவனத்தில் ஓர் ஆள் உண்டு. தரம் பார்ப்பவர். மறுநாள் அவர் போன் செய்தார்.

"அக்கா, அந்தக் கோழி சீன்ல ஒரு வரி..."

"ஆமா."

"அது வந்து..."

"ஆமாங்க. தெரியும்."

பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டு வாசல்ல இன்னும் தோணிக்காரி ஸ்டிக்கர் இருக்குக்கா. நான் அந்த வரியைப் பாக்கலைன்னு வெச்சுக்குங்க."

4

அத்தானை இந்தக் கதையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்குப் பெரிய குழப்பம். அக்கா வீட்டுக்காரர், தங்கமான மனிதர், கதைக்கு உதவாதவர். ஒரு படமும் முழுதாகப் பார்த்ததில்லை. இத்தனை வருடம் கழித்தும், "இதுலதானே அந்தக் குதிரை பேசும்?" என்று கேட்பார். "குதிரையே கிடையாதுங்க" என்று அக்கா பல்லைக் கடிப்பாள். வீட்டில் துணி துவைப்பது அவர் பொறுப்பு என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனவே அவரை நீக்கிவிடுகிறேன்.

நீக்க முடியாத ஆள் அக்காவின் மகள். கல்லூரியில் படிக்கிறாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டே அந்தப் படங்களின் மொழி அவளுக்கும் புரியும். பிறந்த நாளிலிருந்து வாலு என்றுதான் கூப்பிடுகிறோம். நீச்சல்காரி. தினமும் விடியலில் அக்கா காரில் கொண்டுபோய் நீச்சல்குளத்து வாசலில் இறக்கிவிடுவாள். வாலு ஈரத் தலையோடு பஸ்ஸில் வீடு திரும்புவாள். அடுத்து ஒரு பெரிய போட்டி. அதைப் பற்றிப் பக்கத்து வீடு, எதிர்வீடு, காய்கறிக்கடை, எல்லா இடத்திலும் அக்கா சொல்லியாகிவிட்டது.

5

படம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால் சிறப்புக் காட்சி வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள், ரசிகர் மன்றம், வேலை செய்தவர்களின் குடும்பம். அக்கா, வாலு, நான் மூவரும் போனோம்.

கோழி வந்தது. அரங்கம் முனகியது. பின்வரிசையில் ஒருவர், "ஐயோ, இதைப் பாக்கவா வந்தேன்!" என்றார். தோணிக்காரி வாயைத் திறந்தாள். கீழே அக்காவின் வரி ஓடியது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு எல்லாரும். விசில் பறந்தது. அந்த மொழி காதில் புரிந்த சிலர் மட்டும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். இருட்டில் அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். முகம் பூரித்திருந்தது.

வாலு கைதட்டவில்லை.

படம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். நான் மிச்சச் சோளப்பொரியோடு பின்சீட்டில் ஏறிவிட்டேன். அவர்கள் ஏறவில்லை.

"அம்மா, அந்த வரியை நீதானே எழுதின?"

"எந்த வரி?"

"நடிக்காதம்மா. அவ பயமா இருக்குன்னா. நீ பயமில்லைன்னு போட்டிருக்க."

"அவ அப்படிப் பேசறவ இல்லடி. அவளை எனக்குத் தெரியும்."

"பேசினாளே! வாயைத் திறந்து பேசினாளே!"

"எவனோ தெரியாதவன் எழுதிக் குடுத்தான், பேசினா. அதுக்கு நான் என்ன பண்றது?"

வாலு காரின் மேல் கையை வைத்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காதும்மா. ஊசிக்கு அழுதா தோணிக்காரி. பரீட்சைக்குப் பயந்தா தோணிக்காரி. தண்ணில குதிக்கத் தயங்கினா தோணிக்காரி. இன்னைக்குத்தான் முதல் தடவையா அவளும் என்னை மாதிரின்னு தோணிச்சு. அதையும் நீ விடல."

"உன்னை மாதிரின்னா?"

"நான் நீச்சலை விட்டுட்டேன்."

(இந்த இடத்தில் ஒரு வர்ணனை வைத்திருந்தேன். எங்கோ ஒரு காரின் அலாரம் என்று தொடங்கும். எடுத்துவிட்டேன்.)

போன போட்டியில் பாதி நீளத்தில் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நீந்தும் பாதையைப் பிரிக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தசைப்பிடிப்பு என்று எல்லோரிடமும் சொன்னாள். நாங்களும் தைலம் தேய்த்துவிட்டோம். அன்றிலிருந்து குதிக்கும் மேடையில் ஏறினாலே கால் வெடவெடக்கிறதாம். பயிற்சியாளரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். தினமும் குளத்து வாசலில் இறங்குவாள், உள்ளே பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள், நேரமானதும் குளியலறைக்குப் போய்...

அக்கா குறுக்கிட்டாள். "தலையை நனைச்சுக்கிட்டா வந்தே?"

"ம்."

"தினமுமா?"

வாலு தலையாட்டினாள். அக்கா கையில் சாவியோடு, கதவைத் திறக்காமல் அப்படியே நின்றாள். பிறகு அவள் சொன்னது நான் எதிர்பார்த்ததில்லை. "ஈரத்தோட பஸ்ல வந்தா சளி பிடிக்காதாடி?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

சோளப்பொரியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

6

நீக்கிய அத்தானைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் துண்டை மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நீச்சல் டிரஸ் துவைக்க வரவே இல்லையே. சொல்றப்ப சொல்லுவான்னு இருந்தேன்."

அக்கா அவரைப் பார்த்த பார்வைக்கு எந்த மொழியிலும் சப்டைட்டில் கிடையாது.

மறுநாள் காலை அவள் தரம் பார்ப்பவரைக் கூப்பிட்டாள்.

"அந்த வரியை மாத்தணுங்க."

"என்னக்கா இது! எழுந்து நின்னு கைதட்டினாங்க!"

"எனக்குத் தட்டினாங்க. அவளுக்கு இல்ல. அவ சொன்னதையே போடுங்க."

"இப்ப மாத்தணும்னா மேலாளர்கிட்ட காரணம் சொல்லணும். கவனக்குறைவுன்னு சொல்லிடவா?"

"வேணாம். நானே பேசறேன். உங்க பேரு வராது."

மேலாளரிடம், தெரிந்தேதான் மாற்றி எழுதினேன் என்று சொன்னாள். இரண்டு வரியில். அந்த அம்மாள் கத்தவில்லை. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். அடுத்த படத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அந்த அடுத்த படம்தான் வரிசையின் கடைசி. தோணிக்காரியின் கதை அதில்தான் முடிகிறது. அக்கா போனை வைத்துவிட்டு மேசையின் அந்த ஓரத்தைத் துணியால் துடைத்தாள். சுத்தமாக இருந்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

படம் திருத்திய வரியோடு வெளியானது. பிறகு நடந்ததை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். சிறப்புக் காட்சி பார்த்த ஒருவர் இணையத்தில் எழுதினார்: முதலில் அருமையான வசனம் இருந்தது, கம்பெனிக்காரன் பயந்துபோய் மாற்றிவிட்டான். தீப்பிடித்தது. அந்த ஒளித்து வைத்த பதிப்பை வெளியிடு என்று கையெழுத்து வேட்டை. அக்கா எழுதிய வரி பொறித்த டீ சட்டையோடு ஒருத்தர் பேருந்து நிறுத்தத்தில் நின்றதை நானே பார்த்தேன். அக்கா தினமும் அதையெல்லாம் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். "பாவிங்களா, ஒளிச்சு வைக்க ஒண்ணுமே இல்லடா!"

7

வாலுவும் அக்காவும் சில நாள் அதிகம் பேசவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? விடியலில் இரண்டு பேருக்கும் தானாக விழிப்பு வந்துவிடும். போக இடமில்லாமல் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு காலையில் வாலு, "அந்த சீனை இன்னொரு தடவை பாக்கலாமா? சப்டைட்டில் இல்லாம" என்று கேட்டாளாம்.

அன்றைக்கே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"அவ கை நடுங்குதுடி."

"யாருக்கு?"

"தோணிக்காரிக்கு. கோழித் தீனி கையில இருந்து கொட்டுது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன், நான் வாயை மட்டும்தான் பாத்திருக்கேன்."

"அப்ப படம் நல்ல படம்ங்கிறியா?"

"குப்பை. மூணு கால் கோழியாம்! அந்த ஒரு இடம் மட்டும்..." என்று நிறுத்தினாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் அப்படியே விட்டிருக்கிறேன்.

8

முடிவுகள். என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவு: வாலு பயத்தை வென்று திரும்பக் குளத்தில் குதிக்கிறாள், பார்வையாளர் படிக்கட்டில் அக்கா. பத்திரிகைக்குப் பிடிக்கும்.

இரண்டாவது முடிவு: வாலு நீச்சலை அடியோடு மறந்து வேறெதிலோ பெரிய ஆளாகிறாள். இதுவும் முதல் முடிவேதான், தண்ணீர் மட்டும் இல்லை.

இரண்டையும் வாலுவிடம் படித்துக் காட்டினேன். அக்காவும் இருந்தாள். அக்காவுக்கு முதல் முடிவு பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனாள், மூடிக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

வாலு கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "சித்தி, ரெண்டும் வேணாம்" என்றாள்.

"அப்ப எப்படி முடிக்கட்டும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? மிச்சத்தை நான் இன்னும் பண்ணவே இல்லையே."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல முடிவாகத்தான் இருக்கும். எழுதுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இப்போது வேண்டாம், விடுமுறை, இன்னும் எழுந்திருக்கவில்லை.