பச்சைக் குடத்தின் பட்டப்படிப்பு

வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் தண்ணி லாரிக்கு ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதில் யாரும் தகராறு பண்ண மாட்டார்கள்.

பி.ஏ. பொருளாதாரம் படிக்கையில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். என்னோடு படிக்கும் பக்கத்து வீட்டுப் பவானியிடம் பச்சைக் குடத்தைக் கொடுத்து, வகுப்பில் என் இடத்தில் வைக்கச் சொன்னேன். பேராசிரியர் கொருக்குப்பேட்டைக்காரர்; அங்கேயும் லாரிக்குக் குடம்தான் நிற்கும். குடத்தைப் பார்த்து வருகை போட்டுவிட்டார்.

மறுநாள் போனால், குடத்தை எழுப்ப அவருக்கு மனசில்லை.

"புக்குல சொல்ற நுகர்வோர இத்தினி வருசமா தேடிக்கினு கீறேன். ஆசையில்ல, அவசரமில்ல, ரொம்புனா போதும்னு நிறுத்திக்கும். இதாம்மா அது. நீ கடைசி பெஞ்சுல குந்து."

கை வலிக்க நோட்ஸ் எழுதியவள் நான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த வங்கிக்காரர்கள் எடுத்தது குடத்தை.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னா மொறைக்கிற?" என்றாள் அம்மா. "கொடம் வேலைக்குப் பூட்ச்சு. லாரி வர்ற நேரம், அது எடத்துல நீ போய் நில்லு."

போனேன். எனக்கு முன்னால் பவானி நின்றுகொண்டிருந்தாள். அவள் குடம் எம்.ஏ. சேர்ந்திருந்தது.